சம்மர் டயர் வாங்கலாமா?

மதுரை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘காருக்கு நான்கு டயரையும் மாற்ற வேண்டும். ஜெர்மனியில் இருக்கும் மகன், நல்ல சம்மர் டயரா பார்த்து வாங்குங்கப்பா என்கிறான். கடைக்காரரோ, அப்படி ஒண்ணு தனியா இல்லையே சார் என்கிறார். யார் சொல்வது சரி?’

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். ஜெர்மனியில் ஒரே காருக்கு இரண்டு செட் டயர் வைத்திருப்பது சர்வசாதாரணம். அக்டோபரில் குளிர்கால டயரை மாட்டுவார்கள். ஈஸ்டர் வாக்கில் கழற்றுவார்கள். வெப்பநிலை சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் கோடை டயரின் ரப்பர் விறைக்க ஆரம்பித்து, சாலையில் பிடிமானம் குறைந்துவிடும். ஊட்டியில் சில ஜனவரி காலைகளைத் தவிர நமக்கு அந்தக் கவலை ஏது? நம் ஊர் கடைகளில் அடுக்கியிருப்பவை பெரும்பாலும் வெயிலுக்கும் மழைக்குமான டயர்கள்தான். அதற்குத் தனிப்பெயர் தேவைப்படவில்லை.

உங்கள் மகன் மனதில் இருப்பது ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ ரகமாக இருக்கலாம். மிஷெலின் பைலட் ஸ்போர்ட், பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்ஸா மாதிரி. இவற்றின் ரப்பர் கலவை சாலையை நன்றாகப் பற்றும். பக்கச்சுவர் கெட்டியாக இருப்பதால் வளைவுகளில் கார் அலையாது. பிரேக் அடித்தால் சீக்கிரம் நிற்கும். ஆனால் விலை அதிகம், சீக்கிரம் தேயும், குண்டும் குழியுமான சாலையில் இடுப்பைப் பதம் பார்க்கும். தினமும் ஆபீஸ், காய்கறி மார்க்கெட், மாதம் ஒருமுறை குலதெய்வம் கோயில் என்று ஓடும் காருக்கு இது தேவையில்லை என்பேன். அந்தப் பணத்தில் பாதியைப் போட்டு, நல்ல கம்பெனியின் சாதாரண டூரிங் ரகத்தில் ஈரச்சாலைப் பிடிமானம் நன்றாக உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கோடைமழையின் முதல் பத்து நிமிடத்தில், தூசியும் எண்ணெயும் தண்ணீரோடு சேர்ந்து சாலை வழுக்கும்போது அதன் அருமை தெரியும்.

வாங்குமுன் டயரின் பக்கவாட்டைப் படியுங்கள். உதாரணத்துக்கு 185/65 ஆர்15 88எச் என்றிருக்கும். முதலில் வருவது அளவு. 88 என்பது சுமைக்கான எண்: ஒரு டயர் 560 கிலோ தாங்கும். கடைசி எழுத்துதான் கோடைக்கு முக்கியம். ‘டி’ என்றால் மணிக்கு 190 கி.மீ., ‘எச்’ 210, ‘வி’ 240. ‘நான் நூறைத் தாண்டுவதே இல்லையே’ என்பீர்கள். வேகமாக ஓடும்போது எழும் சூட்டை டயர் எவ்வளவு தாங்கும் என்பதற்கான அடையாளமும் அதுதான். கார் கம்பெனி ‘எச்’ கொடுத்திருந்தால் விலை குறைகிறதே என்று ‘டி’க்கு இறங்காதீர்கள். ‘வி’க்கு ஏறலாம், தப்பில்லை.

பக்கத்திலேயே ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 1825 என்றால் 2025-ம் ஆண்டின் 18-வது வாரம் தயாரானது. ஸ்டாக் தீர்க்கும் தள்ளுபடியில் கிடைப்பது எத்தனை வயதான டயர் என்று இதில் தெரிந்துவிடும். கடைப்பையனிடம் டயரைத் திருப்பிக் காட்டச் சொல்வதில் கூச்சம் வேண்டாம்.

அழகுக்காக 16 அங்குல ரிம்முக்கு மாற ஆசையா? மேலே சொன்ன டயருக்கு 195/55 ஆர்16 கிட்டத்தட்ட அதே உயரம்தான், ஸ்பீடாமீட்டர் குழம்பாது. ஆனால் ரப்பரின் உயரம் குறைவதால் பள்ளத்தில் அடி நேராக ரிம்முக்குப் போகும். நம் சாலைகளை நினைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நான்கையும் மாற்ற பட்ஜெட் இடம் கொடுக்காவிட்டால், புதிய இரண்டையும் பின்சக்கரத்தில் மாட்டுங்கள். முன்சக்கரம் இழுக்கும் காருக்கும் இதுதான். ஈரச்சாலையில் முன்பக்கம் வழுக்கினால் ஸ்டியரிங்கில் உடனே தெரியும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். நம்மில் பலரால் அதைச் சமாளிக்க முடியாது.

இனி காற்று. ‘வெயிலில் டயர் வெடிக்கும், அதனால் மே மாதம் காற்றைக் குறைத்து வை’ என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். இதைவிட ஆபத்தான யோசனை இல்லை. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும். அந்த அசைவே உள்ளுக்குள் சூட்டைக் கிளப்பும். வீட்டார் ஐந்து பேர், டிக்கி நிறைய மூட்டை, உச்சிவெயிலில் திருச்சி ரோடு என்றால் மணிக்கணக்கில் அந்தச் சூடு ஏறிக்கொண்டே இருக்கும். ரப்பரும் உள்ளே இருக்கும் இழைகளும் பிரிந்து, எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய டயரும் கிழிந்துவிடும்.

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால், அந்தச் சட்டத்தில் உங்கள் காருக்கான அளவு ஒட்டியிருக்கும். பல கார்களில் முழுச் சுமைக்குத் தனி அளவு உண்டு. ஊருக்குப் போகும்போது அதைப் பின்பற்றுங்கள். காலையில் வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். வழியில் பங்க்கில் பார்த்தால் நான்கைந்து பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டலாம். ஓடிய சூட்டில் ஏறிய காற்று அது. கம்பெனி கணக்கில் சேர்ந்ததுதான். இறக்கச் சொல்லாதீர்கள். கிளம்புவதற்கு முன் டிக்கிக்குள் கிடக்கும் ஸ்டெப்னியையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். அதை வருஷக்கணக்காக யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.