பேய் காட்ட பட்ஜெட் வேண்டாம், பொறுப்பு வேண்டும்

தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகப் போனால் கோவளம் வரும். அதன் அருகே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது கரிக்காட்டுக்குப்பம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு மக்கள் காலி செய்துவிட்டுப் போன மீனவர் கிராமம். யூடியூபில் அதற்கு வேறு பெயர்: 'பேய் கிராமம்'. ராத்திரி நேரம், ஒரு டார்ச், ஒரு போன், "டேய், அங்க பாருடா!" என்று ஒரு கத்தல். வீடியோ ரெடி.

திகிலுக்கு ஏன் பெரிய காசு தேவையில்லை?

செட்டின் குறையை இருட்டு மறைத்துவிடும். மீதியைச் சத்தம் பார்த்துக்கொள்ளும். 1990-களில் சன் டிவியில் வந்த 'மர்மதேசம்' இதற்கு நல்ல உதாரணம். இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்கிய தொடர் அது. அதன் 'விடாது கருப்பு' கதையில் குதிரைக் குளம்படி கேட்டாலே போதும், வீட்டுப் பிள்ளைகள் போர்வைக்குள் போய்விடுவார்கள். தண்டிப்பது சாமியா, ஆளா என்ற கேள்வி வாரா வாரம் துரத்தியது. கடைசியில் விடை மனித மனதுக்குள் இருந்தது. தொடர் பயமுறுத்தியது, ஆனால் ஏமாற்றவில்லை.

நிஜம் மாதிரி காட்டினால் என்ன ஆகும்?

1992 அக்டோபர் 31-ல் பிபிசி 'கோஸ்ட்வாட்ச்' என்ற டிவி படத்தை ஒளிபரப்பியது. ஒரு சாதாரண வீட்டில் பேய் தேடும் நேரலை போலவே அதை எடுத்திருந்தார்கள். மக்களுக்குப் பழக்கமான தொகுப்பாளர்களே அதில் வந்தார்கள். எழுதியவர் பெயரைப் போட்டும் பலர் உண்மை என்றே நம்பிப் பதறினார்கள். புகார்கள் குவிந்தன. அதன் பிறகு பிபிசி அதைத் தன் டிவியில் மறுபடி காட்டவே இல்லை.

இன்றைய 'பேய் வேட்டை' வீடியோக்கள் பலவற்றில் எழுதியவர் பெயர்கூட இருப்பதில்லை. கதை என்றும் சொல்வதில்லை. எடுக்கும் இடமோ, சுனாமியால் சொந்த வீட்டை விட்டுப் போனவர்களின் ஊர். அந்த இடிந்த சுவர்களை அவர்களும் போனில் பார்ப்பார்கள்.

குறைந்த செலவில் திகில் படம் எடுக்க நினைக்கும் குரோம்பேட்டை, தாம்பரம் பசங்களை யாரும் தடுக்க வேண்டியதில்லை. தாராளமாக எடுக்கட்டும். ஆனால் முதல் ஃபிரேமில் 'இது கற்பனை' என்று ஒரு வரி போடட்டும். நிஜ ஊரின் பெயரை விட்டுவிட்டு, கதைக்கென்று ஒரு ஊரை உருவாக்கட்டும். இரண்டுக்கும் ஒரு பைசா செலவில்லை.

பார்ப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. அடுத்த முறை அப்படி ஒரு வீடியோ வாட்ஸ்அப்பில் வந்தால், ஃபார்வர்ட் செய்வதற்கு முன் அந்த ஊரில் உண்மையில் என்ன நடந்தது என்று ஒரு நிமிடம் தேடிப் பாருங்கள்.