அழும் பிள்ளைக்கெல்லாம் பசியா?

"அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்" என்பது பழமொழி. வாய் திறந்து கேட்டவனுக்கே கிடைக்கும் என்பது அதன் கருத்து. ஆனால் வீடுகளில் இந்தப் பழமொழியைத் திருப்பிப் படிக்கிறார்கள். "பிள்ளை அழுகிறது, ஆகவே பால் போதவில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இந்த ஒரு தவறான முடிவால் எத்தனையோ தாய்மார்களின் பால் வற்றிப் போகிறது. பச்சிளங் குழந்தைகளின் வயிறு கெடுகிறது. ஏழைக் குடும்பத்தின் கைப்பணமும் கரைகிறது.

தொம்மலூரின் ஒரு சந்தில் ஒற்றை அறை வீடு. மாலை ஆறு மணி. குழந்தைக்கு ஒன்றரை மாதம். அரை மணிக்கு முன்புதான் பால் குடித்தது. இப்போது கை காலை உதைத்துக்கொண்டு, முகம் சிவக்க வீறிட்டு அழுகிறது. மார்பில் வைத்தால் இரண்டு வாய் குடிக்கிறது. உடனே தலையைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் கத்துகிறது.

"பால் பத்தலை போலிருக்கு. ஒரு டப்பா வாங்கிட்டு வரச் சொல்லும்மா" என்கிறார் ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார். "எம் பிள்ளைக்கும் அப்படித்தான் கொடுத்தேன், அக்கா" என்று பக்கத்து வீட்டுப் பெண் ஆமோதிக்கிறாள். வீட்டுக்காரர் வேறு, "ராத்திரியெல்லாம் தூக்கமில்லை" என்று முணுமுணுத்துவிட்டுப் போகிறார். வேலையிலிருந்து திரும்பிய கணவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் மருந்துக் கடைக்கு ஓடுகிறான்.

ஒருவரும் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. ஆனால் எல்லோரும் சேர்ந்து அந்த இளம் தாயின் மனத்தில் ஒரே ஒரு எண்ணத்தை ஊன்றிவிடுகிறார்கள்: "என் பிள்ளைக்கு ஊட்டக்கூட எனக்குத் துப்பில்லை!" இப்படிப்பட்ட வீடு தொம்மலூரில் மட்டும் அல்ல, பெங்களூரில் தமிழர் வாழும் பகுதிகள் எல்லாவற்றிலும் உண்டு.

ஆறாம் வாரத்து அழுகை

உண்மை என்ன? நல்ல ஆரோக்கியத்துடன், நன்றாகப் பால் குடித்து, நன்றாக எடை கூடும் குழந்தையும் அழும். அதுவும் மணிக்கணக்கில் அழும்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பிரேசல்டன் 1962-ம் ஆண்டில் 80 குழந்தைகளின் அழுகையைக் கணக்கெடுத்து வெளியிட்டார். பிறந்த பிறகு வாரத்துக்கு வாரம் அழுகை கூடிக்கொண்டே போய், ஆறாம் வாரத்தில் உச்சத்தை எட்டியது. அப்போது ஒரு நாளைக்குச் சராசரியாக இரண்டே முக்கால் மணி நேரம்! அதன் பின் படிப்படியாகக் குறைந்தது. அந்த அழுகையில் பெரும்பகுதி மாலையிலும் முன்னிரவிலும்தான்.

அதற்கு முன்பே, 1954-ல், வெசல் என்ற மருத்துவர் "மூன்று" என்ற கணக்கை வகுத்தார். நல்ல ஆரோக்கியமான குழந்தை நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாட்களுக்கு மேல், மூன்று வாரங்களுக்கு மேல் அழுதால், அதை "கோலிக்" என்று மருத்துவர்கள் குறிப்பிடலானார்கள். இதற்கு முழுமையான காரணம் இன்றுவரை பிடிபடவில்லை. ஆனால் பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்று, நான்கு மாதம் ஆகும்போது அது தானாகவே அடங்கிவிடுகிறது.

முன்பெல்லாம் தலைப்பிரசவம் தாய் வீட்டில் நடக்கும். தர்மபுரியிலோ, வேலூரிலோ, கிருஷ்ணகிரியிலோ பாட்டி, சித்தி, அத்தை என்று நாலு பேர் மாற்றி மாற்றிப் பிள்ளையைத் தூக்கிக்கொள்வார்கள். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கைக்குழந்தையுடன் ரயிலேறி அந்தப் பெண் பெங்களூர் வந்து இறங்கும்போது, கடினமான நாட்கள் கடந்து போயிருக்கும். இன்று பல பெண்கள் இங்கேயே பிரசவித்து, இங்கேயே தனியாக அந்த நாட்களைக் கடக்கிறார்கள். நாலு பேர் தோள் தாங்கிய சுமையை இப்போது ஒருத்தி தாங்குகிறாள்!

டப்பா வந்தால் என்ன ஆகும்?

தாய்ப்பாலுக்கு ஒரு கணக்கு உண்டு. குழந்தை எவ்வளவு சப்புகிறதோ அவ்வளவு பால் ஊறும். பிறந்த குழந்தை இருபத்து நான்கு மணி நேரத்தில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிப்பது இயல்பு. சில மாலைகளில் அடிக்கொரு தரம் கேட்கும். "இப்போதுதானே குடித்தது!" என்று சலிப்பது தவறு.

அந்த நேரத்தில் புட்டிப்பால் கொடுத்தால் குழந்தை வயிறு நிறைந்து தூங்கிவிடுகிறது. வீட்டார், "பார்த்தாயா, பசிதான்" என்கிறார்கள். ஆனால் தாயின் மார்பில் ஒரு வேளை சப்புதல் குறைந்துவிட்டது. மறுநாள் பால் சற்றுக் குறைகிறது. மறுநாள் இரண்டு புட்டி. பத்து நாட்களில், பொய்யாகச் சொன்ன "பால் போதவில்லை" என்ற சொல் மெய்யாகிவிடுகிறது!

அதோடு முடிந்ததா? பால் மாவின் விலை ஏழைக்குக் கட்டுப்படியாகாது. டப்பா இன்னும் நாலு நாள் வரட்டும் என்று தண்ணீரைக் கூட்டிக் கரைப்பார்கள். குழந்தைக்குச் சத்துக் குறையும். தண்ணீர் சரியாகக் கொதிக்காவிட்டால், புட்டி சரியாகக் கழுவப்படாவிட்டால் வயிற்றுப்போக்கு வரும்.

உலகம் இதை அனுபவித்துத்தான் அறிந்தது. ஏழை நாடுகளில் பால் மாவு விற்பனை விளைவித்த கேடுகளைப் பற்றி 1974-ல் இங்கிலாந்தில் "வார் ஆன் வான்ட்" என்ற தொண்டு நிறுவனம் ஒரு சிறு நூலே வெளியிட்டது. 1981 மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றான பொருட்களின் விற்பனைக்கு ஒழுங்குமுறை வகுத்தது. ஆதரவாக 118 நாடுகள் வாக்களித்தன. எதிர்த்தது அமெரிக்கா ஒன்றே!

இந்தியா 1992-ல் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. 2003-ல் அதை மேலும் கடுமையாக்கியது. அதன்படி குழந்தைப் பால் மாவுக்கு விளம்பரம் செய்யக் கூடாது. இலவச மாதிரி கொடுக்கக் கூடாது. டப்பாவின் மேல் குழந்தையின் படமோ தாயின் படமோ போடக் கூடாது. தாய்ப்பாலே சிறந்தது என்ற வாசகம் டப்பாவிலேயே இருக்க வேண்டும். மீறினால் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க முடியும்.

சட்டம் விளம்பரத்தைத் தடுத்துவிட்டது. ஆனால் பக்கத்து வீட்டு யோசனையை எந்தச் சட்டம் தடுக்கும்?

பாட்டி வைத்தியத்தின் எல்லை

டப்பா இல்லையென்றால் அடுத்து உரை மருந்து. வசம்பு, சுக்கு, ஜாதிக்காய், மாசிக்காய் எல்லாம் வந்துவிடும். வசம்புக்கு "பிள்ளை வளர்ப்பான்" என்றே பெயர் வைத்தது தமிழகம். பாட்டிமார்களின் அக்கறையை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் முதல் ஆறு மாதத்துக்குத் தாய்ப்பாலைத் தவிர தண்ணீர்கூட வேண்டாம். மருத்துவர் தரும் மருந்து மட்டுமே கொடுக்கலாம் என்பதுதான் இன்றைய மருத்துவம். கல்லில் உரைத்து, விரலால் தடவும்போது அளவு எது, சுத்தம் எது? தேனும் சர்க்கரைத் தண்ணீரும் கூடாது. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் ஆபத்தான நச்சு நோய் வரக்கூடும்.

கிரைப் வாட்டரின் கதையும் கேட்கத் தக்கது. 1851-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் வில்லியம் உட்வர்ட் என்பவர் தயாரித்த அந்தப் பழைய மருந்தில் சாராயச் சத்தும் சர்க்கரையும் கலந்திருந்தன. பிள்ளை அடங்கியதில் வியப்பென்ன! பிற்காலத்தில் சாராயம் நீக்கப்பட்டது. ஆயினும் அழுகையை நிறுத்தும் என்பதற்குத் திடமான சான்று இல்லை.

இவற்றையெல்லாம் விடக் கொடுமை, "உரம் விழுந்துவிட்டது" என்று துணியில் போட்டு உருட்டுவதும், "தொக்கம்" எடுக்கிறேன் என்று வாயில் குழல் வைத்து ஊதுவதும். பச்சைக் குழந்தையின் கழுத்தும் மூச்சும் விளையாட்டுப் பொருட்கள் அல்ல!

செய்ய வேண்டியது என்ன?

முதலில், பால் போதுமா என்பதை அழுகையை வைத்துக் கணிக்கக் கூடாது. முதல் வாரத்துக்குப் பின் நாளொன்றுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழிக்கிறதா? இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையை மீண்டும் எட்டியதா? பிறகு வாரா வாரம் எடை கூடுகிறதா? இவை சரியாக இருந்தால் பால் போதும். அங்கன்வாடியில் எடை போட்டுப் பார்க்கலாம்.

இரண்டாவது, ஒரு மார்பில் முழுவதும் குடித்த பிறகே அடுத்த பக்கம் மாற்ற வேண்டும். காம்பை மட்டும் கவ்வாமல், அதைச் சுற்றிய கரும்பகுதியும் வாய்க்குள் போகிறதா என்று பார்க்க வேண்டும். குடித்ததும் தோளில் சாய்த்து ஏப்பம் விடச் செய்ய வேண்டும்.

மூன்றாவது, தூக்கிக்கொள்ள வேண்டும். "தூக்கித் தூக்கிக் கை பழக்கம் ஆகிவிடும்" என்று பயமுறுத்துவார்கள். கனடாவின் மாண்ட்ரீல் நகரில் 1986-ல் வெளியான ஆய்வில், கூடுதல் நேரம் தூக்கி வைத்திருந்த குழந்தைகள் ஆறாம் வாரத்தில் 43 சதவீதம் குறைவாக அழுதன. ஏற்கெனவே அளவு மீறி அழும் குழந்தைகளிடம் இந்தப் பலன் கிட்டவில்லை என்று பின்னர் தெரிந்தது. ஆனாலும் தூக்குவதால் கேடு ஒன்றும் இல்லை. தமிழில் அதற்குப் பெயரே "கைக்குழந்தை" அல்லவா? கையில் இருக்க வேண்டியது கையில் இருக்கட்டும்!

அந்தக் கை தாயின் கையாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. கணவனின் தோள் அகலமானது. மாலை ஆறு முதல் ஒன்பது வரை அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நடக்கட்டும். அவள் நாலு வாய் சூடாகச் சாப்பிடட்டும். மாமியார் பால் டப்பா வாங்கச் சொல்வதற்குப் பதில் சமையலைப் பார்த்துக்கொள்ளட்டும். பத்தியம் என்ற பெயரில் அவளைப் பட்டினி போடவும் வேண்டாம்.

பொறுமை எல்லை மீறும் நேரம் யாருக்கும் வரும். அப்போது பிள்ளையை ஒருபோதும் குலுக்கக் கூடாது. மூளையில் ரத்தம் கசியும். பத்திரமான இடத்தில் படுக்க வைத்துவிட்டு, இரண்டு நிமிடம் வெளியே போய் மூச்சு வாங்கிவிட்டு வரலாம். தாய் ஓயாமல் அழுதாலோ, தூக்கம் வராமல் வெறித்துப் பார்த்தாலோ அது திமிர் அல்ல, நோயாக இருக்கலாம். அவளையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மலத்தில் ரத்தம், மூச்சு வாங்குதல், வலிப்பு, பால் குடிக்க மறுத்தல், துவண்டு கிடத்தல், சிறுநீர் குறைதல் இவற்றில் ஒன்று இருந்தாலும் அது வெறும் அழுகை அல்ல. நேரம் கடத்தாமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சில குழந்தைகளுக்குப் பால் மாவு உண்மையிலேயே தேவைப்படும். அதை மருத்துவர் சொல்ல வேண்டும். பக்கத்து வீடு சொல்லக் கூடாது.

அரசுக்கும் கடமை உண்டு. 2017-ல் பேறுகால விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. ஆனால் வீட்டு வேலைக்குப் போகும் தொம்மலூர்ப் பெண்ணுக்கு எந்த விடுப்பு? ஒன்றரை மாதத்தில் பாத்திரம் துலக்கப் போகிறவளிடம் தாய்ப்பாலின் பெருமையை மட்டும் பேசிப் பயனில்லை. அவளுக்கு உதவித் தொகையும், வேலை கொடுக்கும் வீட்டாரின் மனிதாபிமானமும் தேவை.

தொம்மலூர் சொக்கநாதர் கோவிலில் பழந்தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. பல நூற்றாண்டுகளாக இந்த ஊரில் தமிழ்த் தாய்மார்கள் பிள்ளை வளர்த்திருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் மாலையில் அழுதிருக்கும். டப்பா இல்லாத அந்தக் காலத்தில் ஒருவர் கை மாறி ஒருவர் கை என்று தூக்கித்தான் அந்த மாலைகள் கழிந்திருக்கும்.

இன்று மாலை அண்டை வீட்டில் ஒரு குழந்தை வீறிட்டால், கதவைத் தட்டி யோசனை சொல்ல வேண்டாம். "கொடும்மா, கொஞ்ச நேரம் நான் வெச்சிருக்கேன்" என்று கையை நீட்டினால் போதும்!