முதல் வண்டி: பிள்ளையின் காலை அளந்து வாங்குவோம்

இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை கேட்ட மலர்க்குழுவினர், நான் கல்வியைப் பற்றியோ ஒழுக்கத்தைப் பற்றியோ எழுதுவேன் என்று எதிர்பார்த்திருக்கக்கூடும். நானோ சைக்கிளைப் பற்றி எழுதத் துணிந்தேன். அதுவும் மிதிகட்டையே இல்லாத சிறுவர் சைக்கிளைப் பற்றி. பாலர் பள்ளியில் சேருமுன்னரே பிள்ளைக்கு வண்டி வாங்கித் தரும் பெற்றோர் நம்மிடையே பெருகி வருகின்றனர். ஆசை பெரிது, செலவும் பெரிது; தேர்வு மட்டும் பல வேளைகளில் பிழையாகப் போகின்றது.

பிறரைச் சொல்வானேன்? என் வீட்டிலேயே அது நடந்தது. மூத்த மகளுக்கு மூன்று வயது நிறைந்தபோது, "வளரும் பிள்ளைதானே, நாலைந்து ஆண்டுகளுக்காவது உழைக்கட்டும்" என்று எண்ணி 16 அங்குலச் சக்கரமுள்ள வண்டியை வாங்கி வந்தேன். பின்சக்கரத்தின் இருபுறமும் துணைச் சக்கரங்கள் வேறு. இருக்கையில் அமர்ந்தால் அவள் கால் தரையைத் தொடவில்லை. முதல் நாளே லயத்திற்கு முன்னாலிருந்த கால்வாயோரம் சாய்ந்து விழுந்தாள். காயம் சிறிது, அச்சமோ பெரிது. அதன்பின் ஓராண்டுக்கு மேல் அவ்வண்டி துணிக்கொடியின் கீழே துருவேறி நின்றது. பாட்டி அதன் கைப்பிடியில் காய்கறிப் பையை மாட்டி வைப்பார். அந்த ஒரு பயனே அதற்கு இருந்தது.

பிழை பிள்ளையிடம் இல்லை. சைக்கிள் ஓட்டுவதில் மிதிப்பது எளிது, விழாதிருப்பதே கடினம். வண்டி இடப்பக்கம் சாய்ந்தால் கைப்பிடியையும் சிறிது இடப்பக்கமே திருப்ப வேண்டும். அப்போது வண்டி நிமிரும். இதைச் சொல்லிக் கொடுத்து விளங்க வைக்க இயலாது. உடல் தானாகப் பழக வேண்டும். துணைச் சக்கரங்களோ வண்டியைச் சாயவே விடுவதில்லை. ஆகவே பிள்ளை எளியதைக் கற்று, கடினமானதைக் கற்காமலே நாளைக் கழிக்கின்றது. துணைச் சக்கரங்களைக் கழற்றும் நாளில் எல்லாம் முதலிலிருந்து தொடங்குகின்றது.

மிதிகட்டையில்லாத வண்டி இம்முறையைத் தலைகீழாக்குகின்றது. கடைக்காரர்கள் அதனைப் பேலன்ஸ் பைக் என்பர். மிதியே இல்லாததை மிதிவண்டி என்றழைக்க மனம் வராமையால், சமநிலை வண்டி என்றே எழுதுகிறேன். இரண்டு சக்கரம், ஓர் இருக்கை, ஒரு கைப்பிடி, அவ்வளவே. பிள்ளை அமர்ந்தபடி காலால் தரையை உந்தி நடக்கும், பின்னர் ஓடும், ஒரு நாள் இரு கால்களையும் தூக்கிக்கொண்டு வழுக்கிச் செல்லும். அன்றைக்கே சமநிலை கைவந்துவிட்டது எனலாம். இது நேற்று முளைத்த எண்ணமன்று. 1817-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் வான் டிரைஸ் என்பார் ஓட்டிக் காட்டிய மரவண்டிக்கும் மிதிகட்டை கிடையாது. முன்சக்கரத்தில் மிதிகட்டை பொருத்திய வண்டிகள் 1860-களில்தான் பிரான்சில் பரவின.

இனி, வாங்கும் முறை. அட்டைப் பெட்டியில் அச்சிட்ட வயதை நம்ப வேண்டாம்; ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே உயரமாயிருப்பதில்லை. பிள்ளையைச் சப்பாத்துடன் சுவரோரம் நிறுத்துங்கள். ஒரு புத்தகத்தைக் கால்களுக்கிடையே மேலே முட்டும்வரை உயர்த்தி, அங்கிருந்து தரைவரை அளந்துகொள்ளுங்கள். இருக்கை அந்த அளவைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். அமர்ந்தால் இரு பாதங்களும் முழுமையாகத் தரையில் பதிந்து, முழங்கால் சற்றே மடங்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வளர்ச்சிக்கு இருக்கையை உயர்த்திக்கொள்ளலாம். நாளைய காலுக்காக இன்றைய பிள்ளையை அந்தரத்தில் தொங்க விடலாகாது.

அடுத்தது எடை. இரண்டு வயதுப் பிள்ளை ஏறத்தாழ 12 கிலோ இருக்கும். அதற்கு மூன்று நான்கு கிலோ வண்டி போதும். ஆறு கிலோ வண்டியைத் தருவது, 60 கிலோ எடையுள்ள நம்மிடம் 30 கிலோ சைக்கிளைக் கொடுத்து விளையாடச் சொல்வதற்கு ஒப்பாகும். கடையில் வண்ணத்தைப் பாராமல், முதலில் கையில் தூக்கிப் பாருங்கள். டயர் இருவகை. நுரை டயர் இலேசானது, பஞ்சராகாது. மண்டபத்துச் சிமெண்டுத் தரைக்கு அது போதும். நம் செம்மண் பாதைக்கும் சரளைக் கல்லுக்கும் காற்றடைத்த டயரே நன்று; தரையைப் பற்றும், அதிர்ச்சியையும் தாங்கும். பிரேக்கைப் பற்றிப் பலர் கேட்கின்றனர். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் விரலுக்குப் பிரேக்கை அழுத்த வலிமை போதாது. கால்தான் அதற்குப் பிரேக். அதனால்தான் சப்பாத்து வேண்டும் என்கிறேன், சிலிப்பர் கழன்றுவிடும். தலைக்கவசமும் கட்டாயம். மேட்டுச் சரிவும் செம்பனைக் குலை ஏற்றிய லாரி வரும் பாதையும் பழகுவதற்கு உரிய இடங்களல்ல.

மாணவச் செல்வங்களே, தம்பி தங்கையர் பழகும்போது அருகில் நடந்து செல்லுங்கள், பின்னாலிருந்து தள்ளாதீர்கள். உங்கள் வேகம் அவர்களுக்கு அச்சத்தையே தரும்.

"ஈராண்டில் சிறியதாகிவிடும் வண்டிக்கு இவ்வளவு பணமா?" என்று தோட்டப் பாட்டாளி ஒருவர் என்னைக் கேட்டார். நேர்மையான கேள்வி. புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்று நான் கூறவில்லை. ஒரு வீட்டில் சிறியதாகிப்போனது அடுத்த வீட்டுக்குச் சரியாயிருக்கும். ஒரு லயத்திற்கு ஒரு வண்டி போதும். வீட்டில் பழைய சிறுவர் சைக்கிள் இருப்பின் துணைச் சக்கரங்களையும் மிதிகட்டைகளையும் கழற்றி, இருக்கையைத் தாழ்த்திவிடலாம். எடை சற்றுக் கூடுதலாயிருக்கும். ஆதலால் நான்கு வயதைத் தாண்டிய பிள்ளைக்கே அது ஏற்றது. கழற்றும்போது ஒன்றை நினைவிற் கொள்க: வலப்பக்க மிதிகட்டை வழக்கம்போல் இடஞ்சுழியாகக் கழலும், இடப்பக்கத்தது வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். இதையறியாமல் நான் ஒரு மாலைப்பொழுது முழுவதும் அதனை மேலும் இறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஆம், துணிக்கொடியின் கீழ் நின்ற அதே வண்டிதான். மகளுக்கு நாலரை வயதானபோது துருவைத் தேய்த்து, மிதிகட்டைகளைக் கழற்றிப் பள்ளித் திடலில் விட்டேன். முதல் வாரம் வண்டியோடு நடந்தாள். மூன்றாம் வாரம் கால்களைத் தூக்கிக்கொண்டு கோல் கம்பம்வரை சென்றாள். அன்று மாலையே, "அப்பா, அந்தக் கட்டையை மாட்டிக் கொடுங்கள்" என்றாள்.

பதினைந்தாம் நம்பர் ஸ்பானர் என்னிடம் இருக்கிறது. வேண்டுவோர் வந்து பெற்றுக்கொள்ளலாம். திருப்பித் தந்துவிட்டால் நலம்.