கீமோ முடிந்து வீடு திரும்பியவர்களுக்காக: ஒரு கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு, இரத்தப் புற்றுநோயாளர்களும் குடும்பத்தாரும் வைப்பது:

மருந்தே இல்லாத நோய் என்று எங்கள் நோயை இனி யாரும் சொல்ல முடியாது. நாட்பட்ட மைலாய்டு லுகேமியா உள்ளவர்கள் இமாட்டினிப் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்வருகிறார்கள். அதன் காப்புரிமைக் கோரிக்கையை உச்ச நீதிமன்றம் 2013இல் தள்ளியதால் மலிவு விலை மாத்திரைக்குத் தடை வரவில்லை. 2023இல் உள்நாட்டுக் கார்-டி செல் சிகிச்சைக்கும் அனுமதி கிடைத்தது. இத்தனைக்கும் பிறகு, கீமோவைத் தொடர்ந்து வரும் காய்ச்சலுக்கும் இரத்தக்கசிவுக்கும் எங்கள் ஆட்களைப் பறிகொடுக்கிறோம்.

ஆகவே முதல் கோரிக்கை காய்ச்சலைப் பற்றியது. நியூட்ரோஃபில் எண்ணிக்கை 500க்குக் கீழே இறங்கியவருக்கு 100.4 டிகிரி என்பதே அவசரநிலை. ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நின்று, பெரிய டாக்டர் காலையில் வரும்வரை அவரால் தாங்க முடியாது. மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு எந்த நேரத்தில் வந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏற வேண்டும். கல்ச்சருக்கு இரத்தம் எடுத்துக்கொள்ளுங்கள், முடிவுக்காக மருந்தை நிறுத்திவைக்காதீர்கள். கீமோ தரும் ஒவ்வொரு மருத்துவமனையும் நோயாளி கையில் ஓர் அட்டை கொடுக்கட்டும்: என்ன மருந்து, எந்தத் தேதி, இரவில் அழைக்க எந்த எண். அதைக் காட்டியவரை நேரே உள்ளே விட வேண்டும்.

அடுத்தது, இரத்தக்கசிவைத் தடுக்க ஏற்றும் தட்டணு. 5 நாளுக்கு மேல் அது தாங்காது என்பது எங்களுக்கும் தெரியும். அதற்காக, சென்னையில் ஒருவரையும் அறியாத குடும்பத்திடம் 'டோனரை நீங்களே கூட்டிவாருங்கள்' என்பது என்ன நியாயம்? கொடையாளரைத் திரட்டுவது இரத்த மையத்தின் பொறுப்பு. மஜ்ஜை மாற்று செய்துகொண்டவர்களுக்குக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய இரத்தம் தடையின்றிக் கிடைக்க வேண்டும்.

ஏபிஎல் (அக்யூட் ப்ரோமைலோசைடிக்) வகை லுகேமியாவில் முதல் சில நாட்களே கண்டம். சந்தேகம் எழுந்தவுடன் கொடுக்க, அட்ரா மாத்திரை எல்லா அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் இருப்பில் இருக்கட்டும். கீமோ மருந்தான வின்கிறிஸ்டின் தவறுதலாக முதுகுத்தண்டில் ஏறினால் உயிரே போகும். அதைச் சிரிஞ்சில் எடுக்காமல் சிறு சலைன் பையில் கலந்தே தர வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2007இலேயே எச்சரித்தது. அதை இங்கே கட்டாயமாக்குங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கீமோவால் வரும் தொற்று, இரத்தம் ஏற்றுதல், நாட்பட்ட மைலாய்டு லுகேமியாவுக்கான 3 மாதத்துக்கொரு பிசிஆர்-ஏபிஎல் பரிசோதனை அனைத்தும் சிகிச்சையின் பகுதியாகவே கணக்கிடப்பட வேண்டும்.

காய்ச்சல் அட்டைக்குப் புதுக் கட்டடம் வேண்டாம், ஓர் அரசாணை போதும். அதை முதலில் வெளியிடுங்கள்.