தெருவிளக்கு முடியும் இடத்தில்

மாதுங்காவிலோ செம்பூரிலோ பழைய கார் வாங்குகிறவர்கள் இன்ஜினைப் பார்க்கிறார்கள், டயரைப் பார்க்கிறார்கள், ஏ.ஸி. குளிர்கிறதா என்று கையை நீட்டிப் பார்க்கிறார்கள். ஹெட்லைட்டைப் பார்ப்பவர் அபூர்வம். பகல் வெளிச்சத்தில்தான் பேரம் நடக்கிறது. இரவில் ஓட்டிப் பார்த்தாலும் மும்பை நகருக்குள் தெருவிளக்கும் கடை விளக்குமே போதும். காரின் விளக்கு எரிகிறதா இல்லையா என்பதே தெரியாது. அந்தக் காரை அம்பர்நாத்துக்கு ஓட்டி வந்து, காட்டை நாக்காவிலிருந்து பத்லாபூர் பக்கம் போகும் பைப்லைன் சாலையில் ஒரு மழை இரவில் திரும்பும்போதுதான் வாங்கியது என்ன என்று புரியும்.

எங்கள் கட்டடத்தில் ஆர்டினன்ஸ் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். கைமாறி வந்த மாருதி 800 வைத்திருக்கிறார். மனைவிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். கல்யாணில் அவர்களுக்குக் கிடைத்த நேரம் விடியற்காலை ஐந்து மணி. நாலேகாலுக்குக் கிளம்பியாக வேண்டும். போன ஆனி மாதத்தில், ஷிப்ட் முடிந்து எம்.ஐ.டி.சி.யிலிருந்து சைக்கிளில் வந்த ஒரு தொழிலாளி, கறுப்பு மழைக்கோட்டு, பின்விளக்கு இல்லாத சைக்கிள், இவருடைய பம்பருக்கு ஒரு முழம் முன்னால் கண்ணில் பட்டார். பிரேக் பிடித்தது. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்த அம்மாள் காரில் ஏறும்போதெல்லாம் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

கணக்கு எளிது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் கார் நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி; அதற்குள் 25 மீட்டர் போய்விடும். ஈரச் சாலையில் நிற்க இன்னும் 35 மீட்டர். மொத்தம் 60. விளக்கு 30 மீட்டர்தான் காட்டுகிறது என்றால் மிச்சம் 30 மீட்டரைக் குருடனாக ஓட்டுகிறோம்.

பெரியவர் முதலில் போனது உதிரிபாகக் கடைக்கு. கடைக்காரர் யோசிக்காமல் எடுத்துக் கொடுத்தது 100/90 வாட் பல்ப். கம்பெனியிலிருந்து வரும் எச்4 பல்ப் 60/55 வாட். அதைவிட இது பெரிது, ஆகவே வெளிச்சம் அதிகம் என்பது கடை நியாயம். நல்ல வேளையாக, மாட்டுவதற்கு அவர் தேடிப் போன மெக்கானிக் நாங்குனேரிப் பக்கத்துக்காரர். தாராவியில் தொழில் கற்று, வாடகை தாங்காமல் இங்கே வந்து ஷெட் போட்டவர். "அண்ணாச்சி, இதை மாட்டினா லைட்டு எரியுறதுக்கு முன்னால ஸ்விட்சு எரிஞ்சுரும்" என்றார்.

இங்கே மொழிபெயர்ப்பாளனாக ஒரு சின்னப் புலம்பல். ஹெட்லைட்டுக்கு 'முகப்பு விளக்கு' என்று நல்ல தமிழ் இருக்கிறது. ஆனால் 'டிம்' என்ற சொல்தான் தொல்லை. எதிரே வண்டி வந்தால் விளக்கைத் தாழ்த்துவதற்கு நம் ஆட்கள் 'டிம் அடிப்பது' என்கிறார்கள். "லைட்டு டிம்மா இருக்கு" என்று ஒருவர் சொன்னால், மங்கியிருக்கிறதா, தாழ்ந்திருக்கிறதா என்று இரண்டு பொருள். நோய் இரண்டும் வேறு, வைத்தியமும் வேறு. மெக்கானிக் முதலில் கேட்டதும் அதுதான்: "மங்கலா இருக்கா, கீழ பாக்குதா?"

இரண்டுமே இருந்தன. மங்கலை முதலில் பார்த்தார். இன்ஜினை ஓடவிட்டு, விளக்கைப் போட்டு, மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்தார்: 14.1 வோல்ட். பிறகு பல்பின் சாக்கெட்டில் வைத்தார்: 11.9. வழியில் இரண்டு வோல்ட்டுக்கு மேல் காணோம். கேட்பதற்குச் சிறிய தொகை. ஆனால் இழை பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்தோடு சமமாகக் குறைவதில்லை. பல மடங்கு வேகமாக விழுகிறது. பத்து சதவிகிதம் அழுத்தம் குறைந்தால் ஏறத்தாழ முப்பது சதவிகித வெளிச்சம் போய்விடும். இந்தக் காரில் போனது கிட்டத்தட்டப் பாதி. பல்ப் பாவம், அதன்மேல் குற்றமில்லை.

திருடியது யார்? பழைய சின்னக் கார்கள் பலவற்றில் ஹெட்லைட்டுக்குப் போகும் மின்சாரம் முழுவதும் பேட்டரியிலிருந்து மெல்லிய ஒயர் வழியாக ஸ்டியரிங் பக்கத்து ஸ்விட்சுக்கு வந்து, மறுபடி மூக்குக்குப் போகிறது. பதினைந்து வருஷத்தில் ஒவ்வொரு இணைப்பிலும் பாசி பிடிக்கிறது. மிச்சத்தை எர்த் ஒயர் தின்கிறது: பாடியில் திருகியிருக்கும் முனையில் துரு. அம்பர்நாத் மழையைப் பார்த்தவர்களுக்குத் துருவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இதே ஒயரில் 100 வாட் பல்ப் இரண்டை மாட்டினால் 9 ஆம்பியர் ஓடிய இடத்தில் 16க்கு மேல் ஓடும். ஸ்விட்ச் உருகும், ஒயர் சூடாகும், பல்பின் சூட்டில் ரிஃப்ளெக்டரின் பூச்சும் கருகும்.

வைத்தியம் ரிலே. பேட்டரியிலிருந்து தடித்த ஒயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃப்யூஸ், அங்கிருந்து ரிலேயின் 30ஆம் எண் முனைக்கு. 87ஆம் முனையிலிருந்து நேராக பல்புக்கு. பழைய ஹெட்லைட் ஒயர் இனி 85, 86 முனைகளுக்குப் போய் ரிலேயை மூடித் திறக்கும் வேலையை மட்டும் செய்யும். சேவகன் கதவைத் திறந்தால் போதும், மூட்டையை அவன் சுமக்க வேண்டாம். ஹை பீமுக்கு ஒன்று, லோ பீமுக்கு ஒன்று என இரண்டு ரிலே. எர்த் முனைகளைத் தேய்த்துப் புதிதாகத் திருகினார். பல்ப் அதே 60/55தான், புதிது. சாக்கெட்டில் இப்போது 13.6. நான்கு பேர் உட்கார்ந்து ஓட்டலில் சாப்பிடும் செலவுதான் ஆயிற்று.

இந்த நோய் மாருதிக்கு மட்டும் உரியதல்ல. குர்லாவில் தயாரான பிரீமியர் பத்மினியை இன்னும் ஆசையாக வைத்திருப்பவர்கள் இங்கே உண்டு. மும்பையின் கடைசி பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் விடைபெற்ற பிறகு அந்த ஆசை கூடித்தான் இருக்கிறது. ஆல்டர்னேட்டர் வருவதற்கு முந்தைய பழைய ஃபியட்களில் டைனமோ. சிக்னலில் நின்றால் விளக்கு மங்கும், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பிரகாசிக்கும். அதற்கு ரிலே மட்டும் போதாது. இன்னொரு விஷயம், ரிஃப்ளெக்டர். அதன் பூச்சு மங்கிவிட்டால் துணியால் துடைக்காதீர்கள், இருக்கிறதும் போய்விடும். மாற்ற வேண்டும் அல்லது மறுபூச்சு. கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் முகப்பு வந்த கார்களில் வேறு நோய்: வெயிலில் மஞ்சளித்துப் போகும். நீர் விட்டு மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் தெளியும். மேலே பாதுகாப்புப் பூச்சு கொடுக்காவிட்டால் மறுபடி மஞ்சள்தான்.

அடுத்தது கோணம். சமதரையில், டயரில் சரியான காற்றோடு, சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தினார் மெக்கானிக். லோ பீம் ஒளியின் மேல் விளிம்பு, விளக்கின் உயரத்துக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். இடப்பக்கம் மட்டும் சற்று மேலே ஏறலாம், ஏனென்றால் நடந்து போகிறவர்கள் அந்த ஓரத்தில். வெளிநாட்டிலிருந்து வந்த சில விளக்குகளில் இந்த ஏற்றம் வலப்பக்கம் இருக்கும். எதிரே வருகிறவன் கண்ணில் நேராகக் குத்தும். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன் 106ஆம் விதி இதற்காகவே இருக்கிறது: எட்டு மீட்டர் தூரத்தில், ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள கண் கூசக்கூடாது. ஒரு காலத்தில் லாரிகளிலும் கார்களிலும் ஹெட்லைட்டின் நடுவே கறுப்புப் பொட்டு வைத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? அழகில்லை, ஆனால் எதிராளியின் கண்ணைப் பற்றிய ஒரு கவலை அதில் இருந்தது.

இப்போது அந்தக் கவலை காணாமல் போய், எல்.இ.டி. பல்ப் வந்திருக்கிறது. தொழிற்சாலையிலேயே எல்.இ.டி.க்காகச் செய்த விளக்கைக் குறை சொல்லவில்லை. ஹாலஜன் இழை நிற்கும் இடத்தைக் கணக்கிட்டுச் செய்த பழைய ரிஃப்ளெக்டருக்குள் எல்.இ.டி.யைத் திணிப்பதைத்தான் சொல்கிறேன். ஒளி கண்ட இடமெல்லாம் சிதறும். பானட்டுக்கு முன்னால் பளீரென்று இருப்பதால் ஓட்டுகிறவருக்குத் திருப்தி. தூரத்தில் இருட்டு அப்படியே. நீல வெள்ளை வெளிச்சம் மழைத்துளியில் பட்டுத் திரும்பி அவர் கண்ணையே கூசவைக்கும். நேவாளி நாக்காவில் இரவு பத்து மணிக்குப் பத்து நிமிஷம் நின்று பாருங்கள்.

மெக்கானிக் வேலையை முடித்துவிட்டுப் பெரியவரைக் கேட்டார்: "அண்ணாச்சி, கண்ணு எப்பக் காட்டுனீங்க?" அவர் முறைத்தார். ஆனால் கேள்வி நியாயமானது. வயதாக ஆகக் கண்மணி இரவில் முன்போல் விரிவதில்லை, உள்ளே லென்ஸ் மஞ்சளிக்கிறது, பிளாஸ்டிக் முகப்பைப் போலவே. அறுபது வயதுக் கண்ணுக்கு இருபது வயதுக் கண்ணைவிட நிறைய வெளிச்சம் வேண்டும். காட்டினார், இடக்கண்ணில் புரை ஆரம்பித்திருந்தது. தீபாவளிக்குப் பிறகு ஆபரேஷன்.

அதுவரை பைப்லைன் சாலையில் 40க்கு மேல் போவதில்லை என்று அந்த அம்மாளிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஈரத்திலும் 32 மீட்டருக்குள் நின்றுவிடலாம். கிளம்புவது இப்போது நாலு மணிக்கு.