பரிசோதனைக்கு விலைச்சீட்டு

தர்மபுரி மாவட்டத்தில் பெண் குழந்தை பெற்றவள் ஒரு காலத்தில் குற்றவாளியாக நின்றாள். அந்தச் சிசுக்களைக் காக்க 2001-இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசாங்கம் அங்கே கொண்டுபோக நேர்ந்தது. குழந்தையே பெறாதவளும் அதே கூண்டில்தான் நிற்கிறாள். மகனைச் சோதிக்கச் சொல்ல மாமியாருக்கு வாய் வராது. மருமகளின் நகையை அடகு வைக்கக் கை வரும்.

இப்படிப்பட்டவளிடந்தான் நகரத்துக் கருத்தரிப்பு நிலையங்கள் சில, ஸ்டெம் செல் என்னும் மூல உயிரணுவை விலை பேசுகின்றன. தழும்பேறிய கருப்பை துளிர்க்குமாம். ஓய்ந்த சூலகம் விழிக்குமாம்!

டில்லி எய்ம்ஸ் டாக்டர்கள், கருப்பையின் உட்சுவர் ஒட்டிப்போன ஆறு பெண்களுக்கு அவரவர் எலும்பு மஜ்ஜைச் செல்களையே செலுத்திப் பார்த்து, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். சிலருக்கு மாதவிலக்குத் திரும்பியது. நல்ல ஆரம்பம், வாழ்த்துவோம். ஆறு பேரின் கதை ஊருக்கெல்லாம் மருந்தாகிவிடுமா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017-ஆம் ஆண்டு விதிமுறை தெளிவாகவே இருக்கிறது. இரத்த நோய் போன்ற சிலவற்றுக்கு மஜ்ஜை மாற்றுவது நீங்கலாக, மற்றதெல்லாம் இன்னும் பரிசோதனைதான். அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடத்தலாம். நோயாளியிடம் காசு வாங்கலாகாது.

பரிசோதனைக்கு உடம்பைக் கொடுப்பவள் விஞ்ஞானத்துக்குத் தானம் செய்கிறாள். தானம் கொடுத்தவளிடமே கட்டணம் கேட்பது எந்த ஊர் தர்மம், ஐயா?

சகோதரிகளே, "இது வைத்தியமா, பரிசோதனையா?" என்று கேளுங்கள். பரிசோதனை என்றால் பணப்பையை மூடுங்கள். வைத்தியம் என்றால், எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பேனா நடுங்குவதைப் பார்ப்பீர்கள்.