ஸ்திரீ ஆராய்ச்சித் துறைகளின் தலைமை

நமது தேசத்துச் சர்வகலாசாலைகளில் ஸ்திரீகளின் நிலைமையை ஆராய்வதற்கென்று தனி மையங்கள் பரவத் தொடங்கி ஏறக்குறைய நாற்பது வருஷங்கள் ஆகின்றன. 1986-ஆம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கை இம்முயற்சிக்கு இடம் கொடுத்தது. சர்வகலாசாலை மானியக் கமிஷன் பணம் கொடுத்தது. நாளடைவில் தேசம் முழுவதிலும் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மையங்கள் ஏற்பட்டன. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது பெரிய வெற்றியாகவே தோன்றும். ஆனால் இம்மையங்களில் எத்தனைக்குச் சொந்தமான, நிலையான தலைவர் இருக்கிறார் என்று கேட்டால், உற்சாகம் குன்றிவிடும். பல இடங்களில் வேறொரு துறையின் பேராசிரியர், தமது வேலைக்கு மேல் கூடுதல் பொறுப்பாக இம்மையத்தையும் கவனித்து வருகிறார். அவருக்குக் கீழே உள்ளவர்களோ வருஷத்துக்கு வருஷம் உத்தரவு புதுப்பிக்கப்படும் தற்காலிக ஊழியர்கள். ஆராய்ச்சி என்பது பல வருஷங்கள் பொறுமையுடன் செய்யவேண்டிய காரியம். அதை நாள் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பவர்களிடம் ஒப்படைத்திருப்பது விவேகமாகாது என்பதே நமது அபிப்பிராயம்.

ஸ்திரீகளைப் பற்றிய ஆராய்ச்சிக்குத் தனித் துறை எதற்கு, பொருளாதாரமும் சரித்திரமும் போதாவா என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. இவர்களுக்கு விடை சொல்ல 1971-ஆம் வருஷத்தை நினைவூட்டினால் போதும். அவ்வருஷம் இந்திய சர்க்கார் ஸ்திரீகளின் அந்தஸ்தை விசாரிக்க ஒரு கமிட்டியை நியமித்தது. ஸ்ரீமதி பூல்ரேணு குஹா அதன் தலைவி. பின்னர் வீணா மஜும்தார் அதன் காரியதரிசியாகப் பணி புரிந்தார். 1974 டிசம்பரில் வெளிவந்த அதன் அறிக்கை படித்தவர்களைத் திடுக்கிடச் செய்தது. 1901-இல் ஆயிரம் ஆண்களுக்கு 972 பெண்கள் இருந்த தேசத்தில், 1971-இல் 930 பெண்களே இருந்தனர். சுதந்திரம் பெற்று, அரசியல் சாசனத்தில் சமத்துவம் எழுதி, வோட்டுரிமையும் வழங்கிய பிறகும் பெண்களின் விகிதம் குறைந்துகொண்டே வந்திருந்தது. இந்தப் புள்ளிகள் ஜனத்தொகைக் கணக்குப் புத்தகங்களில் எல்லோரும் பார்க்கும்படியாகவே இருந்தன. ஆயினும் அவற்றை வரிசையாக வைத்து, காரணம் என்ன என்று கேட்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் சர்வகலாசாலைகளில் இல்லை. அக்குறையை நீக்கவே இத்துறை பிறந்தது.

கார்வே 1916-இல் தொடங்கி, பம்பாயில் இயங்கிவந்த மகளிர் சர்வகலாசாலையில், 1974-இல் நீரா தேசாய் அம்மையார் ஓர் ஆராய்ச்சிப் பிரிவை ஏற்படுத்தினார். டில்லியில் வீணா மஜும்தார் 1980-இல் ஒரு தனி ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். 1981-இல் பம்பாயில் முதல் தேசிய மகாநாடு கூடிற்று. அடுத்த வருஷம் இத்துறை அறிஞர்களுக்கென ஓர் அகில இந்தியச் சங்கமும் அமைந்தது. இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்த அம்மையார்கள் ஒருவரும் இரண்டு வருஷ உத்தரவில் வந்து போனவர்களல்லர். தாங்கள் தொடங்கிய காரியத்தோடு பல்லாண்டுகள் வாழ்ந்து, அடுத்த தலைமுறையைத் தயார் செய்தவர்கள். அதனால்தான் அவர்களுடைய வார்த்தைக்கு சர்க்காரும் செவிசாய்க்க நேர்ந்தது.

அதற்கு ஓர் அத்தாட்சி கூறுவோம். 1961-ஆம் வருஷக் கணக்கில் இருந்த பெண் தொழிலாளர் தொகை, 1971-ஆம் வருஷக் கணக்கில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்து காணப்பட்டது. பெண்களில் பாதிப் பேர் பத்து வருஷத்தில் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார்களா? இல்லை. கேள்வியின் அமைப்பு மாறியதே இதற்கு முக்கிய காரணம். பிரதான வேலை என்ன என்று கேட்டபோது, வயலில் நாள் முழுதும் பாடுபட்ட பெண்ணும் வீட்டு வேலை செய்பவள் என்றே எழுதப்பட்டாள். ஸ்திரீ ஆராய்ச்சியில் ஈடுபட்டவர்கள் இதை எடுத்துக்காட்டி விடாமல் வாதாடினார்கள். அதன் பயனாக 1991-ஆம் வருஷக் கணக்கெடுப்பில், நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ கூலியின்றிச் செய்யும் வேலையும் வேலையே என்பது கேள்வியிலேயே சேர்க்கப்பட்டது. பிறகு 1998-99-இல் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு ராஜ்யங்களில் மக்கள் நாளின் ஒவ்வொரு வேளையையும் எவ்வாறு கழிக்கிறார்கள் என்று பரீட்சார்த்தமாகக் கணக்கெடுக்கப்பட்டது. 2019-இல் அது தேசம் முழுவதுக்கும் நடந்தது. அக்கணக்கின்படி, வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண் அதற்காக ஒரு நாளில் சராசரி 299 நிமிஷம் செலவிட்டாள். அவ்வேலையில் ஈடுபட்ட ஆண் செலவிட்டது 97 நிமிஷம். இந்த இரண்டு எண்களைப் பெறுவதற்குள் ஒரு தலைமுறை கடந்துவிட்டது. தற்காலிக உத்தரவில் இருப்பவரால் இப்படிப்பட்ட வழக்கை நடத்த முடியுமா?

இந்த நிலையில் மானியக் கமிஷன் செய்துவந்தது என்ன? மையங்களுக்குரிய பணத்தை ஐந்தாண்டுத் திட்டங்களோடு கட்டி வைத்தது. ஒவ்வொரு திட்டமும் முடியும்போதெல்லாம் மையம் நீடிக்குமா என்ற சந்தேகம் எழுவது வழக்கமாயிற்று. 2003-ஆம் வருஷத்தை ஒட்டி, இவற்றின் பெயரையே மாற்றி, மகளிர் குடும்ப ஆராய்ச்சி மையங்கள் என்று அழைக்க ஒரு முயற்சி நடந்தது. ஸ்திரீயைக் குடும்பத்தின் ஓர் அங்கமாக மட்டும் பார்ப்பதை அறிஞர்கள் ஆட்சேபித்தபின் அது கைவிடப்பட்டது. 2017 மார்ச்சில் பன்னிரண்டாம் திட்டம் முடிவுற்றது. அதற்குள் திட்டக் கமிஷனே இல்லாமற் போயிருந்தது. மையங்களின் கதி என்ன என்று ஆசிரியர்களும் மாணவிகளும் மாதக்கணக்கில் கலங்கி நின்றார்கள். பிறகு தவணை கொடுக்கப்பட்டது. தவணை வேறு, ஸ்திரமான ஏற்பாடு வேறு. நாளை சம்பளம் உண்டோ இல்லையோ என்றிருக்கும் ஆராய்ச்சியாளர் யாருடைய மனமும் நோகாத விஷயங்களையே தேடிப் போவார். மார்ச் 8-ஆம் தேதி மகளிர் தினம் கொண்டாடி, கோலப்போட்டி நடத்தி, அறிக்கை அனுப்பிவிட்டு அமைதியாக இருப்பார். அவரைக் குறை கூறுவதில் பயனில்லை. அந்த நிலையில் அவரை வைத்தவர்களே பொறுப்பாளிகள்.

இவ்விஷயத்தில் தமிழ்நாடு முன்னணியில் நின்றது என்று சொல்லிக்கொள்ள நமக்குப் பாத்தியதை உண்டு. 1984-இல் கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் சர்வகலாசாலை சட்டபூர்வமாக ஏற்பட்டது. கோவையில் அவினாசிலிங்கம் நிலையம் 1988-இல் சர்வகலாசாலை அந்தஸ்துப் பெற்றது. ராஜம்மாள் தேவதாஸ் அதன் முதல் வைஸ் சான்ஸலராக விளங்கினார். திருச்சியில் பாரதிதாசன் சர்வகலாசாலையிலும், காரைக்குடியில் அழகப்பா சர்வகலாசாலையிலும் மகளிர் ஆராய்ச்சித் துறைகள் உண்டு. அப்படியிருந்தும் இவற்றின் வெளிச்சம் எட்டாத பிரதேசங்கள் பல இருக்கின்றன. அவற்றில் ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொண்டு நமது வாதத்தை விளக்குவோம்.

விழுப்புரம் ஜில்லா வானூர் தாலுகாவில் திருவக்கரை என்ற கிராமம் உள்ளது. திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் எட்டும் தூரத்தில், சங்கராபரணி ஆற்றங்கரையில் இருப்பது. பௌர்ணமிதோறும் வக்கிரகாளியம்மன் சந்நிதியில் திரளும் கூட்டத்தை அறியாதவர் அப்பக்கத்தில் இல்லை. அவ்வூரில் இரண்டு பொருள்கள் உலக அறிஞர்களின் கவனத்தைப் பெற்றிருக்கின்றன. ஒன்று, சுமார் இரண்டு கோடி வருஷங்களுக்கு முன் வாழ்ந்து கல்லாய்ச் சமைந்த மரங்கள். பிரெஞ்சு யாத்திரிகர் சொன்னரா 1781-லேயே அவற்றைப் பற்றிக் குறித்திருக்கிறார். இன்று 247 ஏக்கர் பரப்பில் இந்தியப் புவியியல் ஆராய்ச்சி இலாகா அவற்றைக் காத்து வருகிறது. மற்றொன்று, சந்திரமௌலீசுவரர் கோவில். ராஜராஜன் காலத்தில், 1001-ஆம் வருஷத்தில், அதைக் கருங்கல்லில் எடுப்பித்தவர் செம்பியன் மாதேவியார் என்ற சோழ ராணி. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு ஸ்திரீயின் காரியத்தை நாம் இன்று அறிவதற்குக் காரணம் கல்வெட்டு. அதைப் படித்துப் பதிப்பித்து வைக்க ஓர் இலாகா இருந்ததும் காரணம்.

புவியியல் இலாகா 1851-இல் தோன்றியது. சென்னை ராஜதானிக்குக் கல்வெட்டு ஆராய்ச்சியாளர் ஒருவர் 1886-இல் நியமிக்கப்பட்டார். இவ்விரண்டு துறைகளிலும் தலைவருக்குப் பின் தலைவர் வந்தார்கள். ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடர்ந்தார். ஆகையால் கல்லான மரத்துக்கும் கல்லில் எழுதிய எழுத்துக்கும் சரித்திரம் கிடைத்தது.

அதே திருவக்கரையைச் சுற்றிலும் கருங்கல் குவாரிகளும் ஜல்லி உடைக்கும் இயந்திரங்களும் இருக்கின்றன. அந்த வட்டாரத்துப் பெண்கள் வயலிலும் சூளையிலும் கல் வேலையிலும் கூலிக்குப் பாடுபடுகிறார்கள். அவர்கள் பெறும் கூலி ஆண்களின் கூலிக்கு என்ன விகிதம்? கல் தூசி அவர்களுடைய சுவாசத்தை எவ்வளவு பாதிக்கிறது? கிணற்று நீர்மட்டம் இறங்கினால் தண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடக்கிறார்கள்? கடன் யாரிடம், என்ன வட்டிக்கு வாங்குகிறார்கள்? அவர்களுடைய பெண் குழந்தைகள் எந்த வகுப்போடு பள்ளியை விடுகிறார்கள்? இக்கேள்விகளை வருஷந்தோறும் கேட்டு, விடைகளைத் தொடர்ச்சியாகப் பதிந்து வைக்கும் கடமை யாருக்கும் ஒப்படைக்கப்படவில்லை. 2011-ஆம் வருஷக் கணக்குப்படி, அப்போதைய விழுப்புரம் ஜில்லாவில் எழுதப் படிக்கத் தெரிந்த ஆண்கள் நூற்றுக்குச் சுமார் 80. பெண்கள் சுமார் 63. ராஜ்யம் முழுவதிலும் பெண்களின் விகிதம் 73-க்கு மேல் இருந்த காலத்தில் இந்த ஜில்லாவின் நிலைமை இது. ஏன் என்று ஆராய வேண்டாமா?

இந்த ஜில்லாவின் கலாசாலைகள் எந்தச் சர்வகலாசாலையைச் சேர்ந்தவை என்பதுகூட நிலைத்து நிற்கவில்லை. வேலூரிலுள்ள திருவள்ளுவர் சர்வகலாசாலையோடு இருந்தவற்றுக்கு, விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 2021-இல் புதிய சர்வகலாசாலை ஒன்று சட்டமாயிற்று. அவ்வருஷத்திலேயே அது அண்ணாமலை சர்வகலாசாலையுடன் இணைக்கப்பட்டது. அதன் கட்சி விவகாரங்களுக்குள் நாம் இங்கே புகவில்லை. ஸ்தாபனமே ஸ்திரமில்லாத இடத்தில் ஆராய்ச்சி வேரூன்றாது என்று மட்டும் சொல்கிறோம்.

பேராசிரியர் ஒருவர் மனம் வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் இவ்வட்டாரத்திலேயே சாட்சி உண்டு. திண்டிவனத்தில் பௌதிக சாஸ்திரப் பேராசிரியராக இருந்த கல்விமணி, 1990-களிலிருந்து இருளர் மக்களோடு நின்று, அவர்களுடைய பெண்களுக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை நீதிஸ்தலம் வரை கொண்டுபோனார். அது அவருடைய துறையின் வேலையன்று. எந்தச் சர்வகலாசாலையும் அவரை அதற்கென நியமிக்கவில்லை. தனி மனிதரின் தர்ம உணர்ச்சி செய்த காரியம் அது. அதைப் போற்றுகிறோம். ஆனால் அப்படிப்பட்ட ஒருவர் தற்செயலாக வந்து வாய்ப்பதை நம்பி ஒரு ஜில்லாவின் பெண்கள் காத்திருக்க வேண்டுமா?

தொகைகளை வாரி வழங்கும் திட்டங்கள் இருக்கும்போது ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் கருதலாம். பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பிரயாணம் 2021-இல் தொடங்கியது. கலாசாலைக்குச் செல்லும் சர்க்கார் பள்ளி மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் 2022-இலும், குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் 2023-இலும் தொடங்கின. இவற்றால் பெண்களின் வாழ்க்கையில் விளைந்த மாறுதல் என்ன? அப்பணம் யார் கையில் தங்குகிறது? பெண் கல்வி மேலும் எத்தனை வருஷம் நீள்கிறது? இவற்றைத் திட்டத்தை நடத்தும் சர்க்காரே சொல்லிக்கொண்டால் எதிர்க்கட்சி நம்பாது. எதிர்க்கட்சி சொன்னால் சர்க்கார் நம்பாது. இருவருக்கும் அஞ்சாமல் உள்ளதை உள்ளபடி சொல்லக்கூடிய இடம் சர்வகலாசாலை ஒன்றே. அஞ்சாமை வேண்டுமென்றால் பதவியில் ஸ்திரத்தன்மை வேண்டும்.

ஆகையால் நாம் கேட்பவை இவை. முதலாவது, ராஜ்ய சர்வகலாசாலைகளிலுள்ள மகளிர் ஆராய்ச்சி மையங்கள் அனைத்தும் நிரந்தரத் துறைகளாக வேண்டும். பேராசிரியர் பதவிகள் சர்வகலாசாலையின் சொந்த வரவு செலவுத் திட்டத்தில் இடம்பெற வேண்டும். இரண்டாவது, தலைவர் இத்துறையில் பயின்று பெயர் பெற்றவராக இருக்க வேண்டும். கூடுதல் பொறுப்பு என்ற வழக்கம் ஒழிய வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு துறையும் ஒரு ஜில்லாவைத் தனக்கென ஏற்று, அங்குள்ள சில கிராமங்களைப் பத்து இருபது வருஷம் விடாமல் ஆராய வேண்டும். புதுச்சேரி சர்வகலாசாலையிலும் மகளிர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அது இருக்கும் காலாப்பட்டு திருவக்கரைக்கு வெகு தூரமன்று. ராஜ்ய எல்லை அறிவுக்கு எல்லையாக வேண்டியதில்லை. நான்காவது, ஆராய்ச்சியின் முடிவுகள் தமிழில் வெளிவந்து, விவரம் கொடுத்த பெண்களின் முன்னிலையிலேயே வாசிக்கப்பட வேண்டும். தன் வாழ்க்கையைப் பற்றி எழுதப்பட்டதைத் தான் அறிய முடியாத பெண்ணுக்கு அந்த ஆராய்ச்சியால் லாபமில்லை.

இதற்கு ஆகும் செலவு பெரிதல்ல. ஒவ்வொரு சர்வகலாசாலையிலும் சில பதவிகளுக்குரிய சம்பளம், அவ்வளவே. தடையாக நிற்பது பணமன்று, அசிரத்தை. சட்டசபை அங்கத்தினர்களும், சிண்டிகேட்டில் உட்காரும் பெரியோர்களும், கிராமங்களில் உழைக்கும் கட்சி ஊழியர்களும் இதைத் தங்கள் காரியமாகக் கொள்ள வேண்டும். ஸ்திரீகளுக்குச் சமத்துவம் என்று மேடையில் முழங்கும் அபேட்சகரை, நமது சர்வகலாசாலையின் மகளிர் துறையில் எத்தனை நிரந்தரப் பதவிகள் இருக்கின்றன, அவற்றில் எத்தனை காலியாக இருக்கின்றன என்று கேளுங்கள். பதில் தெரியாமல் விழித்தால், தெரிந்துகொண்டு வந்து வோட்டுக் கேட்கும்படி சொல்லியனுப்புங்கள்.